காணியும் கிரவுண்டும்: செங்கற்பட்டு, சென்னை நில ஆவணங்களை வாசித்தல்

செங்கற்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. அங்குள்ள ஏறத்தாழ 2000 ஊர்களைத் தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்களின் ஓலைக் கணக்குகளும் இப்பணிக்குத் துணைநின்றன. நிலத்தின் வகைகளோடு வீடுகளும் சாதி, தொழில் வாரியாக எண்ணப்பட்டன. விளைச்சலில் கோயில், கணக்கன், தச்சன், வெட்டியான் ஆகியோர்க்குரிய பங்குகளும் குறிக்கப்பட்டன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரயத்துவாரிப் பதிவேடுகளோடு இவற்றை ஒப்பிடுவோர்க்கு முதலில் தென்படுவது மனிதர்கள் குறைந்துபோனமையே. புலஎண், பரப்பு, தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவை எஞ்ச, பங்குகள் மறைகின்றன. இம்மறைவைக் கொண்டு பங்குமுறையே ஒழிந்தது என முடிவுசெய்தல் பிழையாகும். தீர்வைக்கு வேண்டாதது எழுதப்படவில்லை, அவ்வளவே. பசுங்கரை ஊர்களில் காணியாட்சியாளர்கள் நிலத்தைக் காலந்தோறும் மாற்றிப் பகிர்ந்துகொண்டனர். அத்தகைய ஊரில் ஒரு புலத்திற்கு ஒரு பெயரை எழுதிய எழுத்தர், அறிந்தோ அறியாமலோ, புதியதோர் உரிமையைத் தோற்றுவித்தார்.

அளவைகளிலும் எச்சரிக்கை தேவை. சென்னைப் பகுதியில் ஒரு குழி 24 அடிச் சதுரம், அதாவது 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. அது சுமார் 1.32 ஏக்கர். தஞ்சைப் பகுதியிலோ குழி 144 சதுர அடியே. இவ்வேறுபாட்டைக் கருதாது இரு மாவட்டங்களின் குழிக் கணக்கை ஒப்பிட்டால் நான்கு மடங்கு பிழை நேரும். காணியின் இருபத்துநான்கில் ஒரு பங்கான 2400 சதுர அடியே இன்றும் சென்னையில் மனை விற்போர் கூறும் ‘கிரவுண்ட்’. வயலின் அளவை நகரின் அளவையாக நீடிப்பது, நகரம் எதன்மேல் எழுந்தது என்பதற்கு ஆவணங்களுக்கு வெளியே கிடைக்கும் சான்று.

மாம்பலம் நீண்ட ஏரியை இவ்வகையில் கருதலாம். 1920களில் அவ்வேரிப் பரப்பு தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாயிற்று. வருவாய்க் கணக்கில் ஏரி என்பது தீர்வையற்ற புறம்போக்கு. அதன் நீரால் விளைந்த நஞ்சையின் தீர்வைக்குள்தான் ஏரியின் மதிப்பு ஒளிந்திருந்தது. பாசன நஞ்சைகள் மனைகளாக மாற மாற, ஏரியைக் காப்பதற்குரிய வருவாய்க் காரணமும் மெலிந்தது எனக் கருத இடமுண்டு. ஏரியின் அழிவை ஆராய்வோர் ஏரிக்குரிய புலஎண்ணோடு நின்றுவிடாமல் ஆயக்கட்டு நிலங்களின் பதிவுகளையும் தொடர்ந்து பார்த்தல் வேண்டும்.

பதிவேட்டின் மௌனத்தால் மிகுதியும் பாதிக்கப்பட்டோர் சேரி மக்கள். தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த மனைக்கட்டும் மிராசுதாரருக்கு உரியதாகக் கோரப்பட்டதைச் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் பிறந்த அரசாணையே, பின்னர் பஞ்சமி நிலம் எனப்பட்ட ஒப்படைகளுக்கு வழிவகுத்தது. அந்நிலங்களைப் பிறர்க்கு மாற்றுவதைத் தடுக்கும் நிபந்தனைகள் உண்டு. கைமாறிய நிலத்தை மீட்கக் கோருவோர் இன்றும் தேடிச்செல்வது பழைய பதிவேட்டின் குறிப்புப் பத்தியையே. புலஎண்ணும் பரப்பும் பிற்கால ஆவணங்களிலும் கிடைக்கும். ஒப்படையின் தன்மையைச் சொல்லும் அச்சிறு குறிப்பு கிடைப்பது உறுதியன்று. ஆதலின் இப்பதிவேடுகளை எண்மமாக்குவோர் பெயரையும் பரப்பையும் மட்டும் அட்டவணைப்படுத்தாமல், குறிப்புப் பத்தியை அடித்தல் திருத்தல்களோடு உள்ளவாறே படியெடுத்தல் வேண்டும்.