சபாக் தோட்டப்புற நிழற்படங்களும் படச்சுருள் கழுவுமுறையும்: ஒரு வரலாற்று நோக்கு

சிலாங்கூரின் வட எல்லையிலுள்ள சபாக் வட்டாரத்துத் தமிழர் இல்லங்களில் கறுப்பு வெள்ளை நிழற்படங்கள் இன்றும் பேணப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றில் வேட்டி மடிப்புத் தெரியாமல் வெளுத்திருக்க, முகம் கருமையில் அமிழ்ந்துள்ளது. வெயிலில் உழைத்தோரின் தோற்றமே அதுவெனக் கொள்ளலாமா என்பதை இங்கு ஆராய்கின்றோம்.

1948இல் அவசரகாலம் பிரகடனப்படுத்தப்பட்டதை அடுத்து, மலாயாவில் 12 வயதினரும் அதற்கு மேற்பட்டோரும் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டியதாயிற்று. விழாக்கால விருப்பமாயிருந்த நிழற்படம் இவ்வாறு சட்டத் தேவையாகவும் மாறியது.

படச்சுருளைக் கழுவுவோர் டெவலப்பர் எனப்படும் கரைசலையும் அதில் ஊறும் நேரத்தையும் தேர்ந்தாக வேண்டும். 1891இல் வெளிவந்த ரோடினால் கூர்மையைத் தரும். ஆயின் மணித்தன்மையை மிகுத்துக் காட்டும். மெட்டோல், ஹைட்ரோகுவினோன், சோடியம் சல்பைட், போராக்ஸ் ஆகியவை சேர்ந்த கோடாக் டி-76, நுண்ணிய மணியோடு நிழற்பகுதி விவரங்களையும் நன்கு தரவல்லது.

நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசை அடிப்படையாகக் கொண்டவை. நம் நாட்டு நீரோ 27 பாகையைக் கடப்பது இயல்பு. 20 பாகையில் 8 நிமிடம் வேண்டும் சுருளுக்கு 27 பாகையில் ஏறத்தாழ 4 நிமிடமே போதும். நேரத்தைக் குறைக்காவிடின் ஒளிமிக்க பகுதிகள் நெகடிவில் அளவுமீறி அடர்ந்துவிடும். அச்சிடுகையில் முகத்தை மீட்டால் வேட்டி வெறுமையாகும். வேட்டியை மீட்டால் முகம் இருளும். மிகக் குறுகிய நேரமோ சீரற்ற படிவுக்கு இடந்தரும். ஆதலின் பனிக்கட்டியால் கரைசலைக் குளிர்விப்பதும், டி-76இல் சம அளவு நீர் கலந்து நேரத்தை நீட்டிப்பதும் தக்க வழிகளாயின. வெப்பத்தில் ஜெலட்டின் உப்புவதைத் தடுக்க, சோடியம் சல்பேட் சேர்ந்த டிகே-15 வெப்பமண்டலத்திற்கென்றே வகுக்கப்பட்டது.

எனினும் எல்லாக் குறையையும் கழுவுதலின் மேல் ஏற்றுதல் பொருந்தாது. படமெடுக்கையில் போதிய ஒளி பெறாத முகத்தை எக்கரைசலும் மீட்காது. செந்நிறத்தை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் சுருள்களும் மாநிறத்தை மேலும் கருமையாக்கின.

எனவே, முகத்தின் இருளை மனிதரின் நிறத்திற்கோ வாழ்வுக்கோ சான்றாகக் கொள்ளுமுன் அது எவ்வாறு விளைந்தது என ஆராய வேண்டும். பழம்படங்களைத் திரட்டும் தமிழாசிரியர்கள் நெகடிவுகளையும் கேட்டுப் பெறுதல் நன்று. அச்சுப்படத்தில் மறைந்த முகம் நெகடிவில் எஞ்சியிருக்கக்கூடும். மென்மையான தாளில் மீண்டும் அச்சிட்டால், பேரப்பிள்ளைகள் தம் பாட்டியின் கண்களை முதன்முறையாகக் காணவும் கூடும்.