மன்றாட்டு

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிறிஸ்தவரிடையே இறைவேண்டலைக் குறிக்க 'செபம்', 'மன்றாட்டு' என்ற இரு சொற்களும் வழங்குகின்றன. பிறப்பில் இவை வெகுதூரம்.

செபம் வடமொழி 'ஜப'த்தின் வழி வந்தது. வாய்க்குள் முணுமுணுத்தல் அதன் வேர்ப்பொருள். சீர்திருத்தச் சபையார் அதையே 'ஜெபம்' என்பர்.

மன்றாட்டு தமிழ்ச்சொல். ஊரார் கூடி வழக்குத் தீர்த்த பொதுவிடம் மன்று. அங்கே நின்று முறையிடுவது மன்றாடுதல். கெஞ்சிக் கேட்டல் என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அதனால்தான் இச்சொல்லுக்குள் கண்ணீரோடு நியாயம் கேட்கும் உரிமையும் இருக்கிறது. லூக்கா நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில், நீதிபதியை விடாமல் தொடரும் கைம்பெண்ணை இயேசு மனந்தளராத செபத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார். அவள் செய்தது அச்சொட்டாக மன்றாட்டே!

அந்த உரிமையோடு கேட்க வேண்டிய நாள்களை இவ்வூர் கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26, மட்டக்களப்பின் கல்லடி, நாவலடிக் கரைகளில் ஆழிப்பேரலையாய்க் கடல் ஏறியது ஒரு ஞாயிறு. 2019 ஏப்ரல் 21, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மாண்டதும் ஞாயிறு, அதுவும் உயிர்த்த ஞாயிறு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் "ஏன் ஆண்டவரே?" என்று கேட்டால் அது விசுவாசக் குறைவாகாது. 13ஆம் சங்கீதமே, இன்னும் எத்தனை காலம் என்று கடவுளைக் கேட்டுத்தான் தொடங்குகிறது.