மலிவும் தரமும்: இறக்குமதிக் கருவிகளின் வரலாறும் வன்னிப் பட்டறையும்

ஒரு சமுதாயத்தின் பொருளாதார நிலையை அறிய விரும்புவோர் அதன் வயல்களையும் சந்தைகளையும் நோக்குவது வழக்கம். ஆயின், அவ்வயலிலே ஓடும் உழவு இயந்திரம் பழுதுற்றால் அதனைச் சீராக்கும் பட்டறை எது, அப்பட்டறையிலே உள்ள கருவிகள் எங்கிருந்து வந்தன என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. புதுக்குடியிருப்பிலே, பரந்தன் - முல்லைத்தீவு வீதியை அண்டிய பட்டறை ஒன்றினுள் நுழைந்தால், அங்குள்ள துளையலகுகள், அரங்கள், சாணைக்கற்கள், லேத் எனப்படும் கடைசல் இயந்திரம் ஆகியவற்றுட் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவையாக இருத்தலைக் காணலாம். அவற்றுட் பல மலிவு கருதி வாங்கப்பட்டவை. வாங்கும்போதே, "இது எத்தனை நாளைக்கு நிற்கும்?" என்னும் ஐயமும் உடன் வாங்கப்படுகின்றது.

இவ்வையம் நம் காலத்துக்கு மட்டும் உரியதன்று. இதற்கு நூற்றாண்டுகள் கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நோக்கி, மலிவான இறக்குமதிக் கருவியிடம் வாங்குபவர் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்க்கலாகாது என்பதைத் தெளிவுபடுத்த முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று உருக்குக் கருவிகளை இறக்குமதி செய்யும் இத்தீவு ஒரு காலத்தில் உருக்கை ஏற்றுமதி செய்தது என்பது முதலிலே நினைவு கொள்ளத்தக்கது. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவாவிப் பிரதேசத்திலே, தென்மேற்குப் பருவக்காற்றின் விசையைக் கொண்டு இயங்கிய இரும்புலைகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெவ் கண்டறிந்து, தம் ஆய்வு முடிவுகளை 1996ஆம் ஆண்டிலே வெளியிட்டார். அவ்வுலைகள் கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. 9ஆம் நூற்றாண்டிலே வாழ்ந்த அரபு அறிஞரான அல்கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீபின் உருக்கையும் குறிப்பிடுகின்றார். ஆகவே, "நம்மவருக்கு நல்ல இரும்பு தெரியாது" என்னும் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. தரம் என்பது ஒரு நாட்டின் மண்ணோடு பிறந்து மண்ணோடு நிலைப்பதன்று என்பதற்கு இத்தீவே முதற் சான்றாகும்.

ஐரோப்பாவின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. 19ஆம் நூற்றாண்டிலே கருவி உருக்கு என்றாலே இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரம் நினைவுக்கு வந்தது. அந்நகர்க் கத்தித் தொழிலாளரின் சங்கம் 1624ஆம் ஆண்டிலே சட்டபூர்வமாக நிறுவப்பட்டு, ஒவ்வொரு தொழிலாளரின் முத்திரையையும் பதிவு செய்து காத்தது. பொருளைக் கண்ணாற் பார்த்துத் தரம் அறிய முடியாத நிலையில், வாங்குபவனுக்கு முத்திரையே பிணையாக நின்றது. 1740களிலே பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் மணிக்கூடு செய்வோர் மூசையில் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டபோது, அவ்வுருக்கு மிகக் கடினமானது என்று கூறி ஷெபீல்ட் கத்தித் தொழிலாளர் அதனை வாங்க மறுத்தனர் என்பர். பிரான்சு நாட்டவர் அதனை வாங்கிச் செய்த கத்திகள் இங்கிலாந்திலேயே விலைப்பட்ட பின்னர்தான் அவர்தம் கண் திறந்தது. பழக்கத்தின் வழி வந்த எதிர்பார்ப்பு, நல்ல பொருளையும் தள்ளிவிடக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

பின்னர் ஜேர்மனியின் முறை வந்தது. 1876ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே நடைபெற்ற உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜேர்மனியப் பொறியியற் பேராசிரியர் பிரான்ஸ் றெலோ, தம் நாட்டுப் பொருள்கள் மலிவானவையும் தரங்குறைந்தவையும் ஆகும் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஜேர்மனியப் பொருள்கள் ஷெபீல்ட் முத்திரையைப் போன்ற குறிகளோடு விலைப்படுகின்றன என்று ஆங்கில உற்பத்தியாளர் முறையிட்டதன் விளைவாகப் பிரித்தானியாவிலே 1887ஆம் ஆண்டின் வணிகப்பொருட் குறிகள் சட்டம் பிறந்தது. அந்நியப் பொருள்கள் பிரித்தானியப் பொருள்கள் போலத் தோன்றும் குறிகளைத் தாங்குமாயின், அவை செய்யப்பட்ட நாட்டையும் காட்ட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இழிவின் அடையாளமாகக் கருதப்பட்ட "ஜேர்மனியிற் செய்யப்பட்டது" என்னும் சொற்றொடர், ஒரு தலைமுறைக்குள்ளேயே நன்மதிப்பின் அடையாளமாயிற்று. யப்பானின் கதையும் இத்தகையதே. அந்நாடு 1949ஆம் ஆண்டிலே கைத்தொழிற் கட்டளைகளுக்கான சட்டத்தை இயற்றியது. 1950ஆம் ஆண்டிலே அமெரிக்கப் புள்ளிவிபரவியலாளர் டெமிங் அங்கு சென்று தரக்கட்டுப்பாடு பற்றி விரிவுரைகள் நிகழ்த்தினார். 1957ஆம் ஆண்டிலே ஏற்றுமதிப் பொருள்களைப் பரிசோதிப்பதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. விளையாட்டுப் பொருள் நாடு என்று ஏளனம் செய்யப்பட்ட அந்நாட்டின் கருவிகளை இன்று நம் பட்டறைக்காரர் பெருமையோடு எடுத்துக் காட்டுகின்றனர்.

எனவே, "எந்த நாட்டுப் பொருள்?" என்னும் வினா போதுமானதன்று. "யார், எந்த அளவுக்குப் பரிசோதித்த பொருள்?" என்பதே உரிய வினாவாகும். இவ்வினாவுக்கு முறையான வடிவம் கொடுத்தவருள் பேர்லின் தொழில்நுட்ப உயர்கல்லூரியின் பேராசிரியர் ஜோர்ஜ் ஷ்லெசிங்கர் முதன்மையானவர். இயந்திரக் கருவிகளை வாங்கும்போது எவ்வெவ்விடங்களை எவ்வாறு அளக்க வேண்டும், எத்துணை வழு பொறுக்கத்தக்கது என்பவற்றை வகுத்துக் கூறும் சோதனை நூலை அவர் 1927ஆம் ஆண்டிலே வெளியிட்டார். யூதராகிய அவர் பின்னர் நாட்சிகளின் கொடுமையால் நாட்டைவிட்டு நீங்கி, இறுதியில் இங்கிலாந்திலே வாழ்ந்தார்; அவர் வகுத்த முறையோ உலகெங்கும் பரவியது. "நல்ல இயந்திரம்" என்னும் தெளிவற்ற சொல்லை, "இத்தனை மில்லிமீற்றருக்கு மேற்படாத வழு" என்னும் தெளிவான சொல்லாக மாற்றியதே அவர் செய்த தொண்டாகும். எதிர்பார்ப்பு அளவாக மாறும்போதே வாங்குபவரும் விற்பவரும் ஒரே மொழியிற் பேசத் தொடங்குகின்றனர்.

இலங்கையின் நிலையை இனி நோக்குவோம். 1952ஆம் ஆண்டின் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தின் மூலம் சீனாவுடன் இந்நாட்டின் வணிகத் தொடர்பு வலுப்பெற்றது. 1964ஆம் ஆண்டிலே கட்டளைகளுக்கான பணியகம் ஒன்று சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. 1984ஆம் ஆண்டின் சட்டம் அதனை இலங்கைக் கட்டளைகள் நிறுவனமாக மாற்றியது. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு வன்னி விவசாயிக்கு இருமுகம் காட்டிற்று. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தமையால் அவன் கையிலே பணம் புழங்கியது; ஆனால் அப்பணத்தைக் கொடுத்து வாங்குவதற்கு வெளிநாட்டுக் கருவிகள் அரிதாயிருந்தன. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. 1978இல் சீர்திருத்தப் பாதையிலே காலடி வைத்த சீனா, 2001ஆம் ஆண்டின் இறுதியில் உலக வர்த்தக நிறுவனத்திலே இணைந்தபின், மலிவான கருவிகள் உலகச் சந்தையை நிறைத்தன.

ஆயின், அச்சந்தை வன்னிக்கு உடனே திறக்கவில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டபின், எரிபொருள், மின்கலம், சீமெந்து, இரும்பு முதலிய பல பொருள்கள் இப்பிரதேசத்துக்குத் தடைசெய்யப்பட்டன அல்லது மட்டுப்படுத்தப்பட்டன. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயக்கிவைத்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட மோட்டார்ச் சைக்கிள்களையும் நீரிறைக்கும் இயந்திரங்களையும் அக்காலத்தில் வாழ்ந்தோர் மறந்திரார். உதிரிப்பாகம் கிடையாத நிலையில், தேய்ந்ததை நிரப்பி, கடைந்து, மீண்டும் பூட்டும் திறமை பட்டறைக்காரரிடத்தே வளர்ந்தது. 2002ஆம் ஆண்டு ஏப்பிரலிலே ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது புதிய கருவிகள் வந்தன. 2006 ஓகஸ்ட் மாதத்தில் அப்பாதை மீண்டும் அடைபட்டது. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் போர் புதுக்குடியிருப்பைச் சூழ்ந்தபோது, மக்கள் உயிரைத் தவிர வேறெதனையும் காத்துக்கொள்ள இயலாதவராயினர். பாரமான இயந்திரங்களைத் தூக்கிச் செல்வது எங்ஙனம்?

இவ்விடத்திலே எனது தாய்மாமனின் அனுபவத்தைக் கூறுதல் பொருத்தமாகும். இடம்பெயருமுன் அவரிடம் பழைய ஆங்கிலேய லேத் ஒன்று இருந்தது. மீள்குடியேறியபோது பட்டறை நின்ற இடத்திலே சீமெந்துத் தளம் மட்டுமே எஞ்சியிருந்தது. சில ஆண்டுகளின்பின் கடன் பெற்று, மலிவான இறக்குமதி லேத் ஒன்றைக் கொழும்பிலிருந்து தருவித்தார். பெட்டியைத் திறந்த அன்று வீட்டிலே எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு கிழமைக்குள் அம்மகிழ்ச்சி வாடிற்று. நூற்றைம்பது மில்லிமீற்றர் நீளமான தண்டைக் கடைந்தால், அதன் இரு முனைகளின் விட்டங்களும் மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கு மேலாக வேறுபட்டன. நீர்ப்பம்பியின் தண்டுக்கு அது உதவாது. விற்பனையாளரோ, "இந்த விலைக்கு இதுதான்" என்றார். திருப்பி அனுப்புவதாயின் லொறிக் கூலி. வைத்திருப்பதாயின் மாதந்தோறும் கடன் தவணை. "ஏமாந்து போனேனடா மருமகன்" என்று அவர் என்னிடம் கூறிய சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாகும்.

அவர் அதனைக் கைவிடவில்லை. இயந்திரத்தை முற்றாகக் கழற்றினார். பற்சக்கரப் பெட்டியினுள்ளே வார்ப்பு மணலும் இரும்புத் துகளும் கிடந்தன. அவற்றை மண்ணெண்ணெயாற் கழுவினார். தளர்ந்திருந்த தாங்கிகளை இறுக்கினார். வழுக்கித் தளங்களிலே துருத்திக்கொண்டிருந்த விளிம்புகளை அரத்தாலும் கல்லாலும் தேய்த்தார். பின்னர் நீர்மட்டம் வைத்துப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. சமனற்ற தளத்தின்மேல் இறுக்கிப் பூட்டியமையால் இயந்திரத்தின் உடலே சிறிது முறுகியிருந்தது. கால்களின் கீழ் மெல்லிய தகடுகளைச் செருகிச் சமப்படுத்தியதும் வழுவின் பெரும்பகுதி மறைந்தது. குற்றத்திலே ஒரு பங்கு செய்தவனுடையது. ஒரு பங்கு நம்முடையது. இன்று அவ்வியந்திரத்திலே கடைந்த தண்டுகள் அயற்கிராமத்துத் தோட்டங்களில் நீர் இறைக்கின்றன. ஆயினும், அந்த இரண்டு மாத உழைப்பு விலைச்சீட்டில் எழுதப்படவில்லை என்பதை மறத்தலாகாது.

மலிவு எங்கிருந்து பிறக்கின்றது என்பதற்கு விடை இங்கே கிடைக்கின்றது. இரும்பின் விலையைப் பெரிதும் குறைக்க இயலாது. குறைக்கப்படுவன மனித உழைப்பும் காலமுமே. வார்ப்பின் உள்ளழுத்தம் நீங்கும்வரை பொறுத்திருத்தல், வெப்பப் பதப்படுத்தல், தளங்களைச் சீராகச் செதுக்குதல், ஒவ்வொன்றையும் அளத்தல், பழுதானதை ஒதுக்குதல் என்பனவே விலையை உயர்த்துபவை. இவற்றை நீக்கினால் விலை குறைகின்றது. ஒரே தொழிற்சாலையே, இறக்குமதியாளர் கேட்கும் விலைக்கு ஏற்ப உயர்ந்த தரத்திலும் தாழ்ந்த தரத்திலும் பொருள் செய்து கொடுக்கவல்லது. ஆதலின், மலிவான இயந்திரத்தை முடிவுற்ற பொருளாகக் கொள்ளாது, பாதி முடிந்த பொருளாகக் கொள்ளுதலே அறிவுடைமை. எஞ்சிய பாதியைச் செய்யும் திறனும் காலமும் உடையவர்க்கு அது இலாபம். இல்லாதவர்க்கு அதுவே பெருஞ்செலவு.

எல்லாக் கருவிகளுக்கும் இவ்விதி ஒரே வகையிற் பொருந்துமா எனின், பொருந்தாது. கருவி தவறினால் நேரும் இழப்பைக் கொண்டு அவற்றை நான்காக வகுக்கலாம். முதலாவது வகையிலே அரம் போன்றவை அடங்கும். அவை கெட்டால் அவற்றின் விலை மட்டுமே நட்டம். இவற்றை மலிவாக வாங்குதல் தவறன்று. இரண்டாவது, செய்பொருளையே கெடுப்பவை. புரி வெட்டும் டப் ஒன்று இயந்திர உடலினுள் முறிந்தால், அதன் கடினத்தால் சாதாரண துளையலகு கொண்டு அதனை அகற்ற இயலாது. சில நூறு ரூபா மீதப்படுத்தப் போய், பிறர் நம்பித் தந்த இயந்திரத்தைப் பாழாக்க நேரும். மூன்றாவது, அளக்கும் கருவிகள். முறிந்த டப் தன் குற்றத்தைத் தானே காட்டும். பிழையான நுண்மானித் திருகுக் கணிச்சியோ தன் குற்றத்தை மறைத்து, எல்லா வேலையிலும் அதனைப் பரப்பும். நான்காவது, மனிதனுக்கே ஊறு செய்பவை. விரைந்து சுழலும் சாணைக்கல் வெடித்தால் கண் போகும், உயிரும் போகும். பின்னிரண்டு வகைகளில் மலிவு தேடுதல் ஆகாது. சாணைக்கல்லைப் பூட்டுமுன் இலேசாகத் தட்டி, கணீரென்று ஒலிக்கின்றதா என்று கேட்டல் வேண்டும். மந்தமாக ஒலிப்பின் உள்ளே வெடிப்பு உண்டெனக் கொள்ளலாம். சந்தையிலே பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் நம் தாய்மார் இச்சோதனையை நன்கறிவர்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், உயர்தரக் கருவி சிறிய பட்டறைக்காரருக்கு மேலும் எட்டாக்கனியாயிற்று. ஆகவே, "மலிவானதை வாங்காதே" என்று அறிவுரை கூறுதல் எளிது, பின்பற்றுதல் அரிது. செய்யத்தக்கது வேறு. ஓர் ஊரின் பட்டறைக்காரர் ஒன்றுகூடி நம்பகமான கணிச்சி ஒன்றையும் சமமட்டம் ஒன்றையும் பொதுவில் வாங்கி வைக்கலாம். விலை பேசும்போதே பொறுக்கத்தக்க வழுவின் அளவை எழுத்திலே கேட்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே பொறியியற் பீடமும் இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் அமைந்துள்ளன. புதிதாக வாங்கப்படும் இயந்திரங்களை அளந்து கூறும் பணியை அங்குள்ள மாணவர் மேற்கொள்வாராயின், அது அவர்க்குப் பயிற்சியாகவும் ஊருக்கு உதவியாகவும் அமையும்.

ஷெபீல்டும் ஜேர்மனியும் யப்பானும் காட்டும் பாடம் ஒன்றே. கேட்கத் தெரிந்தவரும் அளக்கத் தெரிந்தவரும் உள்ள இடத்துக்கே தரமான பொருள் வந்து சேரும். தடைக்காலத்திலே தேய்ந்த இரும்பை உயிர்ப்பித்த கைகள் வன்னியிலே இன்னும் உள்ளன. அக்கைகளிலே சரியான அளவுகோல் ஒன்றையும் கொடுப்போமாயின், "ஏமாந்து போனேன்" என்னும் சொல் நம் பட்டறைகளிலே அரிதாகும்.