காசில் ஏறிய கடவுள்

அமெரிக்க டாலரில் உள்ள 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் அந்த நாடு பிறந்தபோதே வந்தது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. 1782இல் அரசு முத்திரைக்கு ஏற்கப்பட்ட வாசகத்தின் பொருள் 'பலவற்றிலிருந்து ஒன்று'. அதில் கடவுள் இல்லை.

உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல், பென்சில்வேனியாவைச் சேர்ந்த போதகர் வாட்கின்சன், நாணயத்தில் கடவுளின் பெயர் வேண்டும் என்று நிதிச் செயலர் சேஸுக்குக் கடிதம் எழுதினார். 1864இல் இரண்டு சென்ட் நாணயத்தில் வாசகம் ஏறியது. நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தமோ 1865 டிசம்பரில்தான் வந்தது. மனிதரை விலைபேசும் சட்டம் சாகும் முன்பே கடவுள் காசில் குடியேறிவிட்டார்.

பின்னர் பனிப்போர். 'கடவுளற்ற' கம்யூனிசத்துக்கு எதிராகத் தம்மை நிறுத்திக்கொள்ள, 1955இல் எல்லாப் பணத்திலும் இவ்வாசகத்தைக் கட்டாயமாக்கினார்கள். 1956 ஜூலை 30 அன்று ஐசனோவர் கையெழுத்திட, அதுவே தேசிய முழக்கமானது. அப்போது மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து எட்டாவது மாதமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கூடித் திட்டமிட்டதும் தேவாலயங்களில்தான். அரசின் கடவுள் வேறு. அவர்களின் கடவுள் வேறு.

நம் அரசியல் நிர்ணய சபையிலும், 1949 அக்டோபர் 17 அன்று, முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' தொடங்கக் காமத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. 'இந்திய மக்களாகிய நாம்' நிலைத்தது. யார் பெயரால் ஆள்கிறீர்கள் என்று கேட்கும் உரிமையை நமக்குத் தருவது அந்தச் சொல்தான். அதைக் காப்போம்.