செம்புக் கம்பியும் கண்ணாடி இழையும்

பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலுள்ள மீனவர் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். ஒளியால் செய்தி சொல்லும் விளக்கே அவ்வூருக்குப் பெயராயிற்று. மனிதக் குரலையே ஒளியாக்கி அனுப்பும் கலையோ நம் காலத்தது.

சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-இல் திறக்கப்பட்டது. பின்னர் நெடுங்காலம், வீட்டு வாசல்வரை குரலைச் சுமந்து வந்தது பெரும்பாலும் செம்புக் கம்பியே. கடற்கரையின் உப்புக்காற்று அதற்குப் பகை. இணைப்புகளில் களிம்பேறும், மழைநீர் புகுந்தால் இரைச்சல் எழும். திருடர்க்கும் செம்பின்மீது ஆசை மிகுதி!

கண்ணாடி இழைக்கு இத்தொல்லைகள் இல்லை. ஒளி ஒடிவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறபு மொழியில் ஆராய்ந்தெழுதிய இப்னு சஹ்லை இங்கு நாம் நினையாதிருக்க இயலவில்லை. தூய கண்ணாடி இழையில் ஒளி நெடுந்தொலைவு செல்லக்கூடும் என்பதை 1966-இல் சார்லஸ் காவோ விளக்கினார். 2020 ஆகஸ்டில் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி இழை திறக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றைக் கூறியாக வேண்டும். பழைய தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம், நிலையத்து மின்கலங்களிலிருந்து அதே செம்பு வழியாகவே வந்தது. ஊரெல்லாம் இருண்டாலும், கம்பி அறாதவரை மணி ஒலித்தது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. வீட்டில் மின்சாரம் நின்றால் இழைப்பெட்டி ஊமையாகிவிடும். புயல் நாளில் முதலில் நிற்பதும் மின்சாரமே. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையருகே கரைகடந்தபின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. கடலுக்குச் சென்றவரைப் பற்றிய சேதிக்காகக் காத்திருக்கும் இல்லங்களுக்கு அந்நாட்கள் எத்தகையன என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. கரையோரக் குடும்பத்தார் இழை இணைப்புப் பெறுங்கால், பெட்டியோடு ஒரு சிறு மின்கலத்தையும் கேட்டுப் பெறுவார்களாக.