பாம் அவென்யூ வீடும் சிங்கூர் வேலியும்

மேற்கு வங்கத்தின் முன்னாள் முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா 2024 ஆகஸ்ட் 8 அன்று, தெற்குக் கொல்கத்தாவின் பாம் அவென்யூவில் உள்ள இரண்டு அறை அரசுக் குடியிருப்பில் காலமானார். வயது 80. 2000 நவம்பர் முதல் 2011 மே வரை மாநிலத்தை ஆண்ட காலத்திலும் அவர் வாழ்ந்தது அந்த வீட்டில்தான். 2022இல் அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தார். அவருடைய உடல் நீல்ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரிக்குக் கொடையாக அளிக்கப்பட்டது. அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரு கூறாகப் பிரிந்துவிடுகிறது: தனி வாழ்வில் அப்பழுக்கற்றவர், ஆட்சியில் சறுக்கியவர். இந்தப் பிரிவினை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அவருடைய எளிமைக்கும் சிங்கூரில் ஆலைக்காக உழவர் நிலம் கையகப்படுத்தப்பட்டதற்கும் வேர் ஒன்றே.

இளவயதில் மறைந்த கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா அவருடைய சிற்றப்பா. 1944இல் வடகொல்கத்தாவில் பிறந்த புத்ததேவ், பிரசிடென்சி கல்லூரியில் வங்க இலக்கியம் படித்தார். 1966இல் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1977இல் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தபோது காசிப்பூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்று, செய்தித்துறை அமைச்சரானார். 1982இல் தோற்று, 1987இல் ஜாதவ்பூரில் வென்று மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். மயாகோவ்ஸ்கியையும் மார்க்கேஸையும் வங்கமொழியில் பெயர்த்தவர். 1985இல் சத்யஜித் ராய் திறந்துவைத்த நந்தன் திரைப்பட வளாகம் அவருக்கு இன்னொரு வீடாகவே இருந்தது.

1993இல் நிகழ்ந்த ஒன்றை ஆய்வாளர்கள் போகிறபோக்கில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவ்வாண்டு அவர் அமைச்சரவையிலிருந்து விலகினார். அவர் எழுதிய ‘துஸ்ஸமய்’ (கெட்ட காலம்) என்ற நாடகம் அந்த நாட்களில் பிறந்தது. சில மாதங்களில் திரும்பி வந்து, 1996இல் உள்துறையையும் 1999இல் துணை முதலமைச்சர் பதவியையும் ஏற்றார். மனசாட்சி உறுத்தினால் பதவியை உதறத் தெரிந்தவர் என்று அவர் ஆதரவாளர்கள் இதை நினைவுகூர்வார்கள். நான் இதில் வேறொன்றையும் காண்கிறேன். தன் நேர்மையைத் தானே சோதித்து, அச்சோதனையில் தேறிவிட்டதாக நம்பும் ஒருவர், பிறர் தன்னைச் சோதிப்பதற்குப் பிறகு அவ்வளவாக இடம் தருவதில்லை.

2006 தேர்தலில் இடது முன்னணி 294 இடங்களில் 235ஐப் பிடித்தது. பதவியேற்ற மே 18 அன்றே டாடாவின் சிறுகார் ஆலை சிங்கூருக்கு வருவது அறிவிக்கப்பட்டது. 1894ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தைக் கொண்டு 997 ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீட்டுக் காசோலையைத் தொடவே மறுத்த உழவர்கள் அங்கு ஏராளம். பதிவு பெறாத குத்தகைதாரர்களுக்கும் கூலியாட்களுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. ‘ஆபரேஷன் பர்கா’ மூலம் குத்தகைதாரரின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றிய அதே முன்னணிதான், அவர்கள் உழுத மண்ணில் வேலி போட்டது.

இதில் அவருக்குச் சொந்த ஆதாயம் ஒரு பைசாவும் கிடையாது. வேலையில்லா இளைஞர்களுக்காகவே ஆலையை விரும்பினார்; அந்த விருப்பம் உண்மையானது, தேவையானதும்கூட. ஆனால் தனக்கென எதுவும் எடுத்துக்கொள்ளாதவர், பொதுநன்மைக்காக மற்றவரிடமிருந்து எடுப்பதை, எடுப்பதாகவே உணர்வது கடினம். எதிர்ப்பவர் அவர் கண்ணுக்கு விவரம் அறியாதவராகவோ எதிர்க்கட்சியின் கைப்பாவையாகவோதான் தெரிவார். எங்களுக்கு 235, அவர்களுக்கு 30 என்று சட்டமன்றப் பலத்தை அவர் ஒப்பிட்டுப் பேசியதை ஆணவம் என்றார்கள். தன் நோக்கத்தின் தூய்மையையே மக்களின் சம்மதமாகக் கொண்டுவிட்டதன் விளைவு அது என்பதே என் கணிப்பு.

2007 மார்ச் 14 அன்று, நிலம் எடுப்பதை இதேபோல் எதிர்த்து நின்ற நந்திகிராமில் காவல்துறை சுட்டதில் 14 பேர் மாண்டனர். காவல்துறை அவர் பொறுப்பில் இருந்தது. ராஜாஜியின் பேரனும் அப்போதைய ஆளுநருமான கோபாலகிருஷ்ண காந்தி தன் அதிர்ச்சியை வெளிப்படையாகவே அறிவித்தார். இடதுசாரி வரலாற்றாசிரியர் சுமித் சர்க்கார் ரவீந்திர புரஸ்கார் விருதைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நவம்பரில் கொல்கத்தாத் திரைப்பட விழாவை இயக்குநர் அபர்ணா சென் போன்றோர் புறக்கணித்தனர். இரண்டாம் வீடாக இருந்த நந்தனின் வாசலிலேயே அவருக்கு எதிர்ப்பு எழுந்தது. அவரை விட்டு விலகியவர்கள் அவர் படித்த நூல்களையே படித்தவர்கள். எதிரிகள் வீழ்த்தியதைவிட இந்த விலகலே பெரிய இழப்பு என்பேன்.

2008 அக்டோபரில் டாடா வெளியேறியது. 2011இல் இடது முன்னணியின் 34 ஆண்டுக்கால ஆட்சி முடிந்தது. ஜாதவ்பூரில் தன்னிடம் தலைமைச் செயலாளராகப் பணியாற்றிய மணீஷ் குப்தாவிடம் அவர் தோற்றார். 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சிங்கூர் கையகப்படுத்தலை ரத்து செய்து, நிலத்தை உழவர்களுக்கே திருப்பித் தரச் சொன்னது.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரக் கதை அன்று. முன்னாள் அமைச்சர் கக்கன் அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்ததை நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மாணவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது உள்துறை அமைச்சராக இருந்தவரும் அவரே என்பதை எத்தனை வாழ்க்கை வரலாறுகள் விரித்து எழுதியிருக்கின்றன? அவரைச் சிறுமைப்படுத்த இதைக் கேட்கவில்லை. அமைச்சர்களின் வாழ்க்கையை எழுத வரும் இளம் ஆய்வாளர்கள், அவர்களுடைய வீட்டு அறைகளை எண்ணும் அதே அக்கறையோடு அவர்கள் கையெழுத்திட்ட அரசாணைகளையும் சட்டமன்றக் குறிப்புகளையும் படிக்க வேண்டும்.