வேர்க்காத பெட்டி: கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் காற்று நுழைந்த கதை

1/
மகன் புது கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணணும்னு போன வாரம் ஒரு கேபினெட் படத்தைக் காட்டினான். முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி விளக்கு. "எப்படிப்பா இருக்கு?" என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. காத்து எந்தப் பக்கமா உள்ள போகும்?" என்று கேட்டேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பதில் வரவில்லை.

2/
ஒரு டாக்டருக்கு இதில் என்ன வேலை என்று நீங்க கேட்கலாம். சில வருஷம் முன்னாடி ஒரு மே மாத மதியம், என் கிளினிக்கில் எக்ஸ்ரே கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. போட்டோம், மறுபடி அணைந்தது. காலில் அடிபட்டு வந்திருந்த ஒரு விவசாயிக்கு அப்போதுதான் படம் எடுத்திருந்தோம். அது சேவ் ஆகவில்லை.

பெரியவரை மறுபடி மேஜையில் ஏற்றி, வலியோடு காலைத் திருப்பி, இன்னொரு தடவை எக்ஸ்ரே எடுத்தோம். தேவையில்லாத வலி, தேவையில்லாத கதிர்வீச்சு. தப்பு முழுக்க என்னுடையது.

3/
தூசி படக்கூடாதென்று அந்த கம்ப்யூட்டரை மரப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். சர்வீஸ் பண்ண வந்த தம்பி கேபினெட்டைத் திறந்து காட்டினார். பிராசசர் மேல் இருக்கிற ஹீட் சிங்க்கில் பஞ்சுத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. எங்க தெருவுக்குப் பின்னாடி விசைத்தறிகள்.

"சார், காத்தே போகலைங்க இதுக்கு" என்றார்.

நான் படித்த படிப்பில் இதற்குப் பெயர் ஹீட் ஸ்ட்ரோக். அன்றிலிருந்துதான் இந்தப் பெட்டியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

4/
முதலில் உடம்பிலிருந்து தொடங்குவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறார். அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு அளவு. ரத்தம் அந்தச் சூட்டை உள்ளிருந்து தோலுக்குக் கொண்டு வருகிறது. தோலிலிருந்து காற்று எடுத்துக்கொண்டு போகிறது.

வெளியே 39 டிகிரி என்றால்? காற்றே நம்மைவிடச் சூடு. அப்போ நம்மைக் காப்பாற்றுவது வியர்வை மட்டும்தான். அது ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது.

5/
கம்ப்யூட்டருக்கு வேர்க்காது. மொத்தக் கதையும் இதில்தான் இருக்கு.

நாம் கடையில் வாங்குகிற எந்த ஃபேனும், எந்த லிக்விட் கூலரும் பிராசசரை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டு போக முடியாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் கணக்கு.

யூடியூபில் பார்க்கிற வெளிநாட்டு டெஸ்ட்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் நடக்கிறவை. அங்கே 72 காட்டுகிற பிராசசர், சேலத்தில் ஏசி இல்லாத 39 டிகிரி அறையில் கிட்டத்தட்ட 89 காட்டும். இன்றைய பிராசசர்கள் பல 95 முதல் 100 டிகிரி வரை போனால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நமக்கு மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

6/
இனி வரலாறு. 1946-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற கம்ப்யூட்டரை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள், சுமார் 150 கிலோவாட் மின்சாரம். மேலே சொன்ன கணக்குப்படி 1,500 பேர் ஒரே ஹாலில் அடைந்து உட்கார்ந்தால் வரும் சூடு. அதை வெளியேற்றப் பெரிய புளோயர்கள் ஓடின. ஆக, கம்ப்யூட்டர் பிறக்கும்போதே மூச்சுக்குழாயோடுதான் பிறந்தது.

7/
நம்ம நாட்டில்? பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் நம்மவர்களே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் 1960-ல் முழுமையாக இயங்க ஆரம்பித்தது. 1962-ல் அதற்குப் பெயர் வைத்தவர் நேரு. 2,700 வால்வுகள், 1,700 ஜெர்மானியம் டயோடுகள். இவை எல்லாம் இருந்தது 18 அடி நீளம், 8 அடி உயரம், இரண்டரை அடி ஆழம் உள்ள இரும்புச் சட்டத்தில். இரண்டு பக்கமும் கதவு.

நம்ம ஊர் கேபினெட்டின் கொள்ளுத்தாத்தா அதுதான். வரிசையாக நிறுத்திய பீரோக்கள் என்று வைத்துக்கொள்ளுங்க.

8/
1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டர்களுக்குத் தனி அறை, ஏசி. 90-களில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு இதன் மிச்சம் ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டர் ரூமுக்குள் போகணும்னா செருப்பை வெளியே விடணும். பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறை அதுதான். நாம் அதை ஏதோ சாமி அறை மாதிரி நினைத்தோம். உண்மையில் சூடு, தூசி என்ற இரண்டு எதிரிகளுக்காகப் போட்ட ஏற்பாடு அது.

9/
கம்ப்யூட்டர் மேஜைக்கு வந்தபோது அந்த அறையை விட்டுவிட்டு வந்தது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

1977-ல் வந்த ஆப்பிள் 2-ல் ஃபேன் கிடையாது. 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த பவர் சப்ளை வெறும் 63.5 வாட். நாம் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்கிற அந்த டப்பாவுக்குள் ஒரு ஃபேன் இருந்தது. பிராசசருக்கு என்று எதுவும் இல்லை, தேவையும் இல்லை.

10/
நடுவில் 1980-ல் ஆப்பிள் 3 வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம் பிடிக்காது. அதனால் ஃபேன் வேண்டாம், அலுமினிய உடம்பே சூட்டை வெளியே விடட்டும் என்று செய்தார்கள். மெஷின்கள் வரிசையாகப் படுத்தன. சூட்டில் சிப்புகள் சாக்கெட்டை விட்டு எழும்பின என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். பெட்டியை வடிவமைத்தவர், பிழை பெட்டியில் இல்லை, உள்ளே இருந்த போர்டில்தான் என்று வாதிட்டார்.

ஆனால் கம்பெனி சொன்ன வைத்தியம்தான் சுவாரசியம். மெஷினை மேஜையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே போடுங்க, சிப்பு திரும்ப உட்கார்ந்துவிடும்! முதலில் விற்ற சுமார் 14,000 மெஷின்களை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

11/
1993-ல் பென்டியம் வந்தது. பிராசசர் தலையில் ஹீட் சிங்க்கும் அதன்மேல் குட்டி ஃபேனும் சகஜமானது அப்போதுதான். 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுமுறையைக் கொண்டு வந்தது. போர்டு எங்கே, ஸ்க்ரூ எங்கே, பவர் சப்ளை எங்கே என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கு. 30 வருஷம் கழிந்தும் நீங்க இன்றைக்கு எந்தக் கம்பெனி கேபினெட்டை வாங்கினாலும் எந்தக் கம்பெனி போர்டும் பொருந்துவது அதன் புண்ணியம்.

12/
ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து சேலம் வரை அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் பெருகிய காலம் அது. ஏப்ரல் வந்தால் நாம் எல்லோரும் செய்த வைத்தியம் ஒன்று இருக்கு. பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டி வைத்துவிட்டு, டேபிள் ஃபேனை அதன்பக்கம் திருப்பிவிடுவது. சூடு குறைந்தது உண்மைதான். கூடவே பஞ்சும் தூசியும் பல்லியும் தங்குதடையின்றி உள்ளே போனதும் உண்மை.

13/
2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம் ஒரு வீடியோ போட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் ஹீட் சிங்க்கைக் கழட்டினார்கள். ஏ.எம்.டி. அத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டு பிழைத்தது.

நம்ம மூளையில் வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி இருக்கு இல்லையா? அதுபோல ஒன்று பென்டியம் 4-க்குள் இருந்தது. இன்று எல்லா பிராசசரிலும் இருக்கு. என் கிளினிக் கம்ப்யூட்டர் அணைந்தது ரிப்பேரால் அல்ல, இந்தத் தற்காப்பால்.

14/
2004-ல் வந்த ப்ரெஸ்காட் வகை பென்டியம் 4 ஏறக்குறைய 100 வாட்டைத் தொட்டது. அதாவது ஒரு முழு மனுஷனின் சூடு, விரல்நகம் அளவு சில்லில். அதே வருஷம் இன்டெல் பி.டி.எக்ஸ். என்று காற்றோட்டத்துக்காகவே ஒரு புதுப் பெட்டி அளவைக் கொண்டு வந்தது. முன்பக்கம் காற்று, நேராக பிராசசர், பின்பக்கம் வெளியே. 2006-லேயே அதைக் கைவிட்டார்கள். பெட்டியை மாற்றுவதைவிடச் சூடு குறைவான பிராசசர் செய்வது சுலபமாகப் போனது.

ஆனால் சூடு திரும்பி வந்தது. 2022-ல் வந்த ஐ9 13900கே உச்சத்தில் 253 வாட், ஆர்.டி.எக்ஸ். 4090 கிராபிக்ஸ் கார்டு 450 வாட். இரண்டும் சேர்த்தால் நம்ம வீட்டு அயர்ன் பாக்ஸ். அதை ஒரு பெட்டியில் வைத்து முன்னால் கண்ணாடி போட்டு மூடச் சொல்கிறான் என் மகன்!

15/
"அப்போ லிக்விட் கூலர் போடலாமேப்பா" என்றான். அதுவும் பழைய கதைதான். 1985-ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட்களை ஃப்ளோரினெர்ட் என்ற திரவத்துக்குள்ளேயே முக்கி வைத்திருந்தார்கள். அந்த வகைத் திரவம் ஆக்சிஜனை நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளும். 1966-லேயே அதற்குள் மூழ்கிய எலிகள் மூச்சுவிட்டு உயிரோடு இருந்ததை லேலாண்ட் கிளார்க் என்பவர் காட்டியிருக்கிறார்.

லிக்விட் கூலர் வேலை செய்யும். ஆனால் அதுவும் கடைசியில் சூட்டைக் கொடுப்பது இதே அறைக் காற்றுக்குத்தான். கூடுதலாக ஒரு பம்ப், அது ஒருநாள் நிற்கும்.

16/
சாதாரண டவர் கூலரில் இருக்கிற செப்புக் குழாய்களைக் கவனித்திருக்கீங்களா? ஹீட் பைப். 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் க்ரோவர் செய்தது. உள்ளே துளி திரவம். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரவமாகி, மறுபடி திரும்பி வரும். மூடிய குழாய்க்குள் ஒரு வியர்வை என்று சொல்லலாம். இதற்கு மோட்டார் இல்லை, ஆகவே ரிப்பேரும் இல்லை.

17/
இவ்வளவு படித்த பிறகு எனக்குப் புரிந்தது, பதில் நாமக்கல்லிலேயே இருக்கு என்று.

கோழிக்கும் வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் வாயைத் திறந்து, இறக்கையை விரித்து இரைக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, முட்டை ஓடு மெலிந்துபோகும். மே மாதம் முட்டை சீக்கிரம் உடைவதில் இதற்கும் பங்கு உண்டு.

அதனால்தான் நம்ம பண்ணைக்காரர்கள் ஷெட்டைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுகிறார்கள், தரையிலிருந்து உயர்த்தி, பக்கம் திறந்து, ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இடம்விட்டு. எந்த டெஸ்ட் வீடியோவும் பார்த்து அல்ல, செத்த கோழியை எண்ணிக் கற்றுக்கொண்டது.

18/
இப்போது வருகிற ஈ.சி. ஷெட்டைப் பாருங்க. ஒரு முனையில் நனைந்த பேட், மறுமுனையில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள், பக்கம் முழுக்க அடைப்பு. காற்று ஒரு முனையில் நுழைந்து எல்லாக் கோழியையும் தொட்டு மறுமுனையில் போகும். நடுவில் யாராவது ஒரு ஜன்னலைத் திறந்தால் போச்சு. காற்று குறுக்கு வழியில் போய்விடும், கடைசியில் இருக்கும் கோழிக்கு எட்டாது.

பி.டி.எக்ஸ். பெட்டியில் இன்டெல் செய்ய நினைத்தது இதைத்தான். நாம் டேபிள் ஃபேன் வைத்த நாட்களில் செய்தது, நடு ஜன்னலைத் திறந்த வேலை.

19/
ஆக, கேபினெட் வாங்கப் போகும்போது கோழி ஷெட் வாங்குகிற மாதிரி போங்க.

முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை இருக்கணும். முன்னால் காற்றை உள்ளே இழுக்க 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு, பின்னால் வெளியே தள்ள ஒன்று. பெரும்பாலான வீட்டுக்கு இதுவே போதும். உள்ளே இழுப்பது கொஞ்சம் அதிகமாக இருந்தால் தூசி சந்துபொந்து வழியாக நுழையாது, ஃபில்டர் வழியாகத்தான் வரும்.

அந்த ஃபில்டர் கழட்டி அலசுகிற மாதிரி இருக்கணும். குமாரபாளையம், பள்ளிபாளையம், இளம்பிள்ளை மாதிரி தறி ஓடும் ஊர்க்காரர்கள், ஜவ்வரிசி மில் பக்கத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை அலசுங்க.

20/
பில் போடுவது, படிப்பது, கிளினிக் வேலை என்றால் 65 வாட் பிராசசரும் நல்ல டவர் கூலரும் போதும். கேம், வீடியோ எடிட்டிங் என்று நாள் முழுக்க ஓட்டுபவர்கள் மட்டும் லிக்விட் கூலரைப் பற்றி யோசிங்க.

சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் இடம் விடுங்க. மேஜைக்குள் மூடி வைக்காதீங்க. ஏர் கூலரை நேராக அதன்பக்கம் திருப்பாதீங்க, நீர்த்துளி போகும். சில வருஷத்துக்கு ஒருமுறை தெர்மல் பேஸ்ட் மாற்றச் சொல்லுங்க.

21/
மகனோடு ஐந்து ரோடு பக்கம் ஒரு கடைக்குப் போய் வந்தோம். வலை வைத்த கேபினெட்தான் வாங்கினோம். பக்கவாட்டுக் கண்ணாடியும் விளக்கும் அவனுக்காக விட்டுக்கொடுத்தேன், அதனால் காற்றுக்கு இடைஞ்சல் இல்லை.

கிளினிக்கில் அந்த மரப்பெட்டி இப்போது மருந்து அலமாரி. கம்ப்யூட்டர் வெளியே ஸ்டூலில் இருக்கு. முதல் சனிக்கிழமைதோறும் நானே ஃபில்டரைக் கழட்டிக் குழாயடியில் அலசுகிறேன். ஒவ்வொரு தடவையும் கை நிறையப் பஞ்சு வருது. அந்தப் பெரியவரின் கால் ஞாபகமும் வருது.

உங்க கம்ப்யூட்டரைக் கடைசியாக எப்போ திறந்து பார்த்தீங்க?